ஒரு சாண் இடைவெளி

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டு வாசல் அப்போது வெறும் செம்மண் தரை. மேலாக வெயில் பட்டுப் பொருக்குத் தட்டியிருந்தது, காலை வைத்தால் கெட்டியாகத்தான் இருந்தது. ஆல்டோவின் முன் இடது சக்கரத்தில் கருவேல முள் ஏறிக் காற்று இறங்கியிருந்தது. டிக்கியில் கிடந்த ஜாக்கியை எடுத்து வைத்தேன், தூக்கினேன், நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை உருவினேன். கழற்றிய கையோடு, கொஞ்ச நாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். என் மகன் பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றான்.

பொருக்குக்குக் கீழே மண் இன்னும் சேறாகவே இருந்திருக்கிறது. ஜாக்கியின் அடித்தகடு ஒரு பக்கமாக அமுங்கியது. கார் முன்னும் பக்கவாட்டுமாக ஒரு நழுவு நழுவி, பொத்தென்று உட்கார்ந்தது. பிரேக் டிஸ்க் நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணில் இறங்கிவிட்டது. குனிந்த நான் கையை உள்ளே விட்டிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடி நழுவுகிறதே என்று அதைச் சரிசெய்யக் கையை மேலே எடுத்திருந்தேன். அவ்வளவுதான் எனக்கும் விபத்துக்கும் நடுவில் இருந்தது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு லாரி டிரைவர் ஓடி வந்தார். காரைப் பார்க்கவில்லை, முதலில் என் கையையும் பையனின் காலையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் சார், கழட்டுன சக்கரத்த அடியில போடலியா?"

போடவில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன்.

அன்றைக்கு நின்ற மூச்சுதான் இந்தக் கட்டுரை. இன்று வீட்டு வாசலிலேயே கார் வேலை பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். உடையார்பாளையம், ஆண்டிமடம், செந்துறை என்று எந்த ஊருக்குப் போனாலும் செகண்ட் ஹேண்ட் கார் நிற்காத தெரு குறைவு. பிரேக் பேட் மாற்றுவதும் ஆயில் மாற்றுவதும் எப்படி என்று செல்போனில் படம் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். தன் வண்டியைத் தன் கையால் பார்த்துக்கொள்கிறவருக்கு வண்டியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரியும். ஆனால் அந்தப் படங்களில் பலவும், கார் ஏற்கெனவே உயரத்தில் நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அது எப்படி அங்கே போனது, எதன் மேல் நிற்கிறது என்பதைக் காட்டாமல் தாண்டிவிடுகின்றன. உயிர் போவதும் இருப்பதும் அந்தக் காட்டாத பகுதியில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்திருக்கும் ஆளின் நெஞ்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரம். 22 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சின்னக் கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே அதன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 16 சென்டிமீட்டர் அளவுதான். முக்கால் சாண்கூட இல்லை. சக்கரத்தைக் கழற்றிய பிறகு அதுவும் மிஞ்சாது. அதாவது கார் இறங்கினால் அடியில் இருப்பவருக்கு இடமே கிடையாது. 700, 800 கிலோ எடையில் பாதி நெஞ்சின் மேல் உட்கார்ந்தால், எலும்பு முறிவது இரண்டாவது பிரச்சினை. மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சு விரியவே முடியாது. கத்திக் கூப்பிடக்கூட முடியாது.

கத்தரி சாயும், ஹைட்ராலிக் இறங்கும்

கம்பெனியிலிருந்து காரோடு வருவது கத்தரி ஜாக்கி. நடுவில் ஒரு நீளமான திருகு, அதைச் சுற்றச் சுற்ற இரண்டு பக்கமும் கால்கள் நெருங்கி மேலே எழும்பும். திருகின் மரைகளுக்குள் இருக்கும் உராய்வே பூட்டு. கைப்பிடியை விட்டுவிட்டாலும் தானாகக் கீழே இறங்காது. அதன் குறை வேறு: அடித்தகடு ஒரு உள்ளங்கை அகலம், தலையும் அதே அளவு, நடுவில் ஒல்லியான உடம்பு. கொஞ்சம் சாய்ந்தால் போதும், படுத்துவிடும். வழியில் டயர் மாற்ற மட்டுமே கொடுக்கப்பட்ட பொருள் அது.

பட்டறைகளில் இருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெயின் பலத்தில் நிற்பது. சின்னக் குழாயில் அழுத்தும் எண்ணெய் பெரிய உருளையைத் தூக்கும் சூட்சுமம்தான். நியூயார்க்கில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர் ரிச்சர்ட் டட்ஜன் 1851-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. நன்றாக நிற்கும், எளிதில் சாயாது. ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஒன்று தேய்ந்தாலோ வால்வில் ஒரு துணுக்குத் தூசி உட்கார்ந்தாலோ எண்ணெய் மெல்லக் கசியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரியாத அளவுக்கு இறங்கும். சில சமயம் ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

கத்தரி சாயும், ஹைட்ராலிக் இறங்கும். இரண்டுமே தூக்குவதற்கான கருவிகள். தாங்கி நிறுத்தும் வேலை அவற்றுடையது இல்லை.

நம் ஊரில் இதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. அரியலூர் மாவட்டம் சிமென்ட் ஆலைகளின் மாவட்டம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகள். தெருவுக்கு ஒரு லாரிக்காரர் இருப்பார், அவரிடம் ஹைட்ராலிக் வகையான பாட்டில் ஜாக்கி ஒன்று இருக்கும். "பத்து டன் ஜாக்கி சார், உங்க காரு எம்மாத்திரம்" என்று அன்போடு கொடுப்பார். பத்து டன் என்ற சொல்லே ஒரு பொய்த் தைரியம் தருகிறது. அந்த எண் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கு மட்டும். கார் கொல்வது பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவித்தான். லாரியின் தடித்த அச்சுக்கு அடியில் வைக்கச் செய்த சின்ன வட்டத் தலை, காரின் மெல்லிய விளிம்பில் பொருந்தாது. இரும்பு மேல் இரும்பு வழுக்கும். பத்து டன்னும் அந்த வழுக்கலைத் தடுக்க உதவாது.

ஒரு செம்பு தண்ணீர்

மண் தரைதான் ஆபத்து, எங்கள் வீட்டில் போர்டிகோ இருக்கிறது என்பவர்கள் ஒரு செம்பு தண்ணீரை அங்கே ஊற்றிப் பாருங்கள். ஓடும். மழைத் தண்ணீர் வெளியே போகட்டும் என்று கொத்தனார் வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார். 50 அடிக்கு 1 அடி என்பது கண்ணுக்கே தெரியாத வாட்டம். அதில் நிற்கும் 800 கிலோ காரை அந்த வாட்டம் சதா 16 கிலோ விசையோடு தெருப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது பொருட்டே இல்லை. ஒரு மூலை ஒல்லியான ஜாக்கியின் மேல் நிற்கும்போதுதான் அந்த 16 கிலோ முகத்தைக் காட்டும். வாசலில் இருப்பதற்குள் தண்ணீர் தேங்கும் இடமாகப் பார்த்துக் காரை நிறுத்துங்கள். தேங்கும் இடம்தான் மட்டமான இடம். துடைத்துக் காயவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பளபளப்பான டைல்ஸ் தளம் வேறு வகை. இரும்பு அடித்தகடு அதில் வழுக்கும், ஓரம் பட்டால் டைல் விரியும். சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலையும் ஏமாற்றும். மத்தியானத்தில் இளகிய தாரில் ஜாக்கி சத்தமில்லாமல் புதையும். மேற்கே அரியலூர்ப் பக்கக் கரிசல் மண்ணோ கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். இரண்டு பருவத்திலும் அதில் ஜாக்கி வைக்கக் கூடாது. கான்கிரீட் தளம்தான் ஏற்றது.

வேறு வழியில்லை, மண்ணில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஒரு பலகை வேண்டும். என் ஆல்டோ விழுந்ததன் கணக்கு இது: அந்த மூலையின் எடை 300 கிலோ என்று வைத்தால், 10-க்கு 8 சென்டிமீட்டர் அடித்தகட்டின் கீழ் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் கிட்டத்தட்ட 4 கிலோ சுமக்கிறது. அடியில் ஓரடிக்கு ஓரடி கெட்டிப் பலகை இருந்திருந்தால் அதே மண்ணுக்கு அரைக் கிலோகூட வந்திருக்காது. முந்திரிக்காட்டுச் செம்மண் அதைத் தாங்கியிருக்கும். தடித்த பிளைவுட் துண்டு ஒன்று இப்போது எப்போதும் என் டிக்கியில் கிடக்கிறது.

ஹேண்ட் பிரேக் எங்கே பிடிக்கிறது?

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் அது காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சரி, கியரில் போட்டிருக்கிறோமே என்பார்கள். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. நம் சிறிய கார்கள் அனேகமாக முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அந்த இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி உண்டு. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மறுசக்கரம் மெதுவாகவும் சுற்ற விடுவது அதன் வேலை. முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். இன்ஜின் கியரில் பூட்டியிருந்தாலும், தரையில் இருக்கும் சக்கரம் முன்னே உருள நினைத்தால், தூக்கிய சக்கரம் காற்றில் பின்னே சுற்றி வழி விட்டுவிடும். கியர் தடுக்காது. ஆட்டோமேட்டிக் காரில் 'பி'-யில் போட்டாலும் இதே கதைதான். அந்த நேரத்தில் காரைப் பிடித்து நிறுத்துவது பின் சக்கரத்து ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். என் காரில் அந்தக் கேபிள் தளர்ந்திருந்தது.

இந்த விஷயத்தில் தேர் இழுப்பவர்களுக்குத் தெரிந்தது கார் வைத்திருக்கும் நமக்குத் தெரியவில்லை. கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேரோட்டம் பார்த்தவர்கள், சக்கரத்தோடு கூடவே நடந்து முட்டுக்கட்டை போடுபவர்களைக் கவனித்திருப்பார்கள். தேர் நகர்வதும் நிற்பதும் வடம் பிடிக்கும் ஆயிரம் பேர் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் நிறுத்துவது அந்தக் கட்டைதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போய்விடவில்லை. காருக்கும் அதே கட்டைதான் வேண்டும். முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்கு, பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களுக்கு, முன்னும் பின்னும் ஆப்பு வடிவில் கட்டை கொடுத்து இறுக்க வேண்டும். உருண்டைக் கல் உதவாது, சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் உருளும்.

நட்டுகளை எப்போது தளர்த்துவது என்பதும் இதோடு சேர்ந்தது. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும். துருப்பிடித்த நட்டுக்காகக் காலால் எம்பி மிதிக்கும் அந்த உதை, தூக்கிய காருக்குக் கிடைத்தால் ஜாக்கி தாங்காது.

ஜாக்கியை எங்கே வைப்பது? காரின் பக்கவாட்டுக் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும், இரண்டு தகடுகள் சேர்ந்து ஒரு விளிம்பாகத் தொங்கும். அதில் ஒவ்வொரு இடத்திலும் அருகருகே இரண்டு சிறிய வெட்டுக் குறிகள் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வைக்க வேண்டும். காரோடு வந்த கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், தரைத்தகடு எதன் மேலும் கூடாது. மின்சாரக் கார் என்றால் தரை முழுக்க பேட்டரி. கையேட்டைப் பார்க்காமல் ஜாக்கியைத் தொடவே வேண்டாம். பழைய காரானால் அந்த விளிம்பை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்து உள்ளே இறங்கினால், அங்கே எடையை ஏற்ற முடியாது.

தூக்கும்போது இன்னொன்றையும் கண் வைத்துப் பார்க்க வேண்டும். கார் நேர்கோட்டில் மேலே போவதில்லை. எதிர்ப்பக்கச் சக்கரங்களைக் கீல் போல வைத்து, கதவு திறப்பது மாதிரி ஒரு வளைவில் போகிறது. தூக்கும் புள்ளியும் அதோடு கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. பட்டறைகளின் டிராலி ஜாக்கிக்கு உருளை வைத்திருப்பது அந்த நகர்வோடு கூடவே தானும் போகட்டும் என்றுதான். டைல்ஸ் இடுக்கிலோ சரளையிலோ உருளை மாட்டிக்கொண்டால், நகர வேண்டிய ஜாக்கி நகராது, தலை நழுவும். நாலு தடவை கைப்பிடியை அடித்ததும் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

முட்டு

மாட்டுவண்டிக் காலத்து ஆட்கள் இதையெல்லாம் வேறு பெயரில் தெரிந்து வைத்திருந்தார்கள். வண்டிக்கு மசகு போடுவது என்று ஒரு வேலை உண்டு. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் பூசுவார்கள். சக்கரத்தை உருவினால்தான் பூச முடியும். வண்டியை எம்பித் தூக்கி, முட்டுக் கொடுத்து, முட்டு ஏறியதா என்று ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் கடையாணியில் கை வைப்பார்கள். முட்டு முதலில், ஆணி பிறகு.

காருக்கு அந்த முட்டு, ஜாக்கி ஸ்டாண்ட். முக்காலி, நாற்காலி போலக் கால் விரித்து நிற்கும் இரும்பு. ஒரு ஜோடி, ஒரு புது டயர் வாங்கும் காசுக்குள் கிடைத்துவிடும். கார் வைத்திருக்கும் வீடுகளில் இதைப் பார்ப்பதே அபூர்வமாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் செலவழிக்கிறோம்.

அதற்குப் பதிலாக நம் வாசல்களில் முட்டாக நிற்பவை செங்கல், ஹாலோ பிளாக், சில வீடுகளில் பழைய உரல். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் பரவலான எடையைத் தாங்கும். காரின் விளிம்பு போன்ற கூர்மையான இடத்திலிருந்து எடை வந்தால் தூள் தூளாகிவிடும், அதுவும் எந்த அறிகுறியும் காட்டாமல். மரக்கட்டையாவது நசுங்கும்போது கிறீச்சிட்டு எச்சரிக்கும். கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. லேத் பட்டறையில் குழாயை வெட்டி வெல்டிங் வைத்துத் தரச்சொல்லி வாங்கும் ஸ்டாண்டும் வேண்டாம். எவ்வளவு தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஸ்டாண்டிலும் இரண்டு வகை. பல்வரிசையில் கொண்டி விழுந்து பிடிப்பது ஒன்று, துளைக்குள் இரும்பு ஊசி நுழைந்து நிற்பது ஒன்று. எனக்கு ஊசிதான் பிடிக்கும். பூட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். 2020-ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் என்ற கருவிக்கடை நிறுவனம், பல்வரிசையில் கொண்டி போதுமான ஆழத்துக்கு விழாத குறையால் 17 லட்சம் அளவுக்கு ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. உற்பத்தி அச்சுகள் தேய்ந்துபோனது ஒரு காரணம். ஆகவே ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஊசி தொலைந்துவிட்டால் அதே அளவு ஊசியைத்தான் தேட வேண்டும், ஆணியோ போல்ட்டோ செருகக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் கட்டாயத் தரவிதிகள் இருக்கின்றன. ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் போகாதே என்ற எச்சரிக்கை கருவியின் மேலேயே இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. வீட்டு வாசலில் தனியாகக் கார் வேலை பார்த்து இறந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்டது அது.

காரை ஸ்டாண்டின் மேல் மெல்ல இறக்கி உட்கார வைத்த பிறகு, இடுப்பால் பக்கவாட்டில் முட்டித் தள்ளிப் பாருங்கள். ஆடினால், சாய்ந்தால், நீங்கள் வெளியே நிற்கும்போதே ஆடட்டும். ஜாக்கியை உருவி எடுக்காமல், பாரம் ஏறாமல் தொட்டும் தொடாமலும் அங்கேயே விட்டுவிடுங்கள். கழற்றிய சக்கரத்தை அந்த விளிம்புக்குக் கீழே படுக்க வைத்துத் தள்ளுங்கள். எதிர் வீட்டு லாரி டிரைவர் கேட்டாரே, அந்தச் சக்கரம். எல்லாம் கைவிட்டாலும் கார் அந்த டயரின் மேல்தான் உட்காரும். சக்கரத்தைக் கழற்றவில்லை என்றால் ஸ்டெப்னி இருக்கிறது. (வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் கூடுதல் சக்கரம் விற்ற கடையிலிருந்து வந்த பெயர் அது. சொந்த நாட்டில் மறந்துவிட்டார்கள். நம் ஊர் பஞ்சர் கடையில் வாழ்கிறது.)

அடியில் போகத்தான் வேண்டுமா?

வீட்டில் செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பு காருக்கு அடியில் போக வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். டயர் இடம் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, சஸ்பென்ஷனைக் கண்ணால் பார்ப்பது, எல்லாமே பக்கத்தில் உட்கார்ந்து செய்பவை. கால் மடக்கி உட்காரும்போது முழங்கால் விளிம்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆயில் மாற்றத்தான் அடியில் போக வேண்டும். அதற்கு ஜாக்கியைவிட, காரை ஏற்றி நிறுத்தும் இரும்புச் சாய்தளம் நல்லது; சக்கரமே பாரத்தைச் சுமக்கும். பழைய லாரி ஷெட்டுகளில் பள்ளம் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்வதிலும் வெட்கமில்லை. கியர்பாக்ஸை இறக்குவது, நல்ல முறுக்குப் போட்டு இழுக்க வேண்டிய போல்ட்டுகள் எல்லாம் பட்டறைக்குப் போகட்டும். படுத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுக்கும் இழுவையே காரை அசைத்துவிடும்.

தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, அரை மணிக்கொரு தரம் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். போன் சட்டைப்பையில் இல்லாமல் கை எட்டும் தரையில் இருக்கட்டும். பிள்ளைகளைக் காருக்குள் உட்கார வைக்காதீர்கள்; டார்ச் பிடிக்கவும் கூப்பிட வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு கடையில் கிடைக்கிறது.

யாராவது அகப்பட்டுக்கொண்டால், ஆளைப் பிடித்து இழுப்பதுதான் கூடியிருப்பவர்களின் முதல் எண்ணமாக இருக்கும். இழுக்கக் கூடாது, காரைத் தூக்க வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால் சின்னக் காரின் ஒரு பக்கம் எழும்பும், தூக்கத் தூக்க ஒருவர் கட்டையும் சக்கரமும் அடியில் தள்ளிக்கொண்டே வர வேண்டும். தூக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். உள்ளே கிழிந்தது வெளியே தெரியாது.

எங்கள் வாசலுக்கு அந்த வருடமே கான்கிரீட் போட்டோம். வாட்டம் வேறு பக்கம் விடச் சொல்லி, கார் நிற்கும் இடத்தை மட்டமாக வைக்கச் சொன்னேன்; கொத்தனார் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செய்துகொடுத்தார். போன மாதம் நான்கு டயரையும் இடம் மாற்றினேன். கட்டை, பலகை, ஸ்டாண்ட், அடியில் சக்கரம். இப்போது காலேஜ் போகும் மகன் இடுப்பால் முட்டித் தள்ளிப் பார்த்து, "நிக்குதுப்பா" என்றான். எதிர் எதிர் நட்டாகப் பிடித்து லேசாக இறுக்கி, இறக்கிய பிறகு முழுதாக இறுக்கினோம். மறுநாள் மீன்சுருட்டி வரை ஓட்டிவிட்டு வந்து, ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு நட்டாக மறுபடி திருகிப் பார்த்தேன். பின் வலது சக்கரத்தில் ஒன்று கால் சுற்று ஏறியது.